அம்மா கவிழ்த்து வைத்த கோப்பைகள்

செல்வராணி, கணேசன், புஷ்பா, மூன்று பேரும் இதைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். செல்வராணி, நீ பெரியவள், புஷ்பாவுக்குப் புரியாத இடத்தைச் சொல்லிக் கொடு. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். என்னைப்போல மண்ணில் வேலை செய்கிற யார் கையிலாவது இது கிடைத்தால் அவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் வயிறுதான் வலித்தது. முறுக்கிப் பிழிகிற வலி. தோட்டத்து டிஸ்பென்சரியில் சூட்டினால் வந்த வலி என்று வெள்ளைத் தண்ணீர் மருந்து கொடுத்தார்கள். குடித்தேன், வலி போகவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், சக்கரத்தில் பூச்சாடி வனைந்து முடித்துக் கையை எடுத்தேன். மணிக்கட்டு நிமிரவில்லை. இரண்டு கைகளும் முன்னால் தொங்கின.

பக்கத்துச் சக்கரத்தில் இருந்த பியதாச சிரித்தான். "என்ன அண்ணே, கை வாட்டின கொழுந்து மாதிரி கெடக்கு?"

நானும் சிரித்தேன். பிறகுதான் இருவருக்கும் பயம் வந்தது.

நான் முன்பு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டக் கத்தி பிடித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். இறம்பொடைத் தோட்டத்தின் பழைய ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) தோட்டத்துத் துரையின் மனைவி துரைசாணி, குயவர் சக்கரம் போட்டு, எங்கள் நாலு பேருக்கு வேலை பழக்கினார். துரையோடு சீமைக்குக் கப்பல் ஏறியபோது சக்கரத்தையும் சூளையையும் எங்களுக்கே விட்டுப்போனார். நுவரெலியா ஹோட்டல்களுக்கு எங்கள் கோப்பைகள் போயின. ஒவ்வொன்றின் அடியிலும் என் பெயரின் முதலெழுத்தைக் கீறும்போது, இந்த உலகத்தில் நானும் ஒரு ஆள் என்று தோன்றும். அந்தக் கைதான் தொங்கியது.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கையைப் பார்க்கும் முன் வாயைத் திறக்கச் சொன்னார். பல் ஈறின் ஓரத்தில் நீலக் கோடு ஓடுகிறது என்றார்.

"நீர் என்ன வேலை செய்யிறீர்?"

"கோப்பை செய்றேங்க ஐயா. மண் கோப்பை."

"அந்தப் பளபளப்புக்கு என்ன பூசுறனீர்?"

சொன்னேன். ஈயம் கலந்த ஒரு சிவப்புப் பொடி. தண்ணீரில் கரைத்து, ஒருமுறை சுட்ட கோப்பையில் பூசி மறுபடி சுட்டால் கண்ணாடிபோல உருகிப் பிடிக்கும். எங்கள் பேச்சில் கிளேஸ். பூசும் முன் மண் சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நாக்கை வைப்போம். மண் நாக்கை இழுத்துப் பிடித்தால் பூசலாம். பூச்சு அப்பிய விரலால் எடுத்து, அதே கோப்பையில் நாக்கை வைத்திருக்கிறேன். இலேசாக இனிக்கும். நல்ல மண் இனிக்கிறது என்று நினைத்தேன், மக்களே.

"நாக்காலயோ!" டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஈய நஞ்சு (ஈயம் உடம்பில் சேர்ந்து நரம்பைக் கெடுக்கும் நோய்) இது. கை பழையபடி திரும்பலாம், மாதக்கணக்காகும். அது கிடக்கட்டும். உம்மட பிள்ளையள் நீர் செய்த கோப்பையிலயோ குடிக்கிறவை?"

வீட்டிலிருந்த மூன்று கோப்பைகளும் என் கண்முன் வந்து நின்றன.

உங்கள் மூவருக்கும் பெயரெழுத்துப் போட்டு நான் செய்த பச்சை நிறக் கோப்பைகள் ஞாபகம் இருக்கும். அம்மா அவற்றைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துவிட்டு உங்களுக்குத் தகரக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். எனக்கு அது பெரிய மனக்குறை. ஊரெல்லாம் குடிக்கிறது, என் பிள்ளைகள் குடிக்கவில்லையே என்று ஒருநாள் சத்தம் போட்டேன். அதன்பிறகு நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் மூன்று கோப்பைகளும் ஈரமாகக் கவிழ்ந்திருக்கும். ஆறு மாதம் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

புளிப்புப் பட்டால் அந்தப் பூச்சிலிருந்து ஈயம் கரையும் என்றார் டாக்டர். நீங்கள் தேசிக்காய் பிழிந்த புளிப்புத் தண்ணீர் கேட்டு அழுகிற பிள்ளைகள். மறுநாள் அம்மா உங்களைக் கூட்டி வரும்வரை நான் கண் மூடவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க. புள்ளைங்க அதுல ஒருநாளும் குடிக்கல."

"ஈரமா இருந்துச்சே?"

"நீங்க வர்ற நேரத்துக்குத் தண்ணியில முக்கிக் கவுத்து வச்சிருவேன். இதுக ஒடச்சுப்புட்டா அப்புறம் நீங்கதான மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிருவீங்க?"

கணேசா, நீ உடனே, "நான்தாம்பா தண்ணி மொண்டு குடுப்பேன்" என்றாய். அப்பாவிடம் ஆறு மாதம் பொய் சொன்னதற்கு உன்னைக் கட்டிப்பிடிக்க நினைத்தேன். கை எழும்பவில்லை. முகத்தை உன் தலையில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் உங்கள் மூவரின் ஈறுகளையும் பார்த்தார், இரத்தமும் எடுத்தார். ஒன்றும் இல்லை. அம்மாவைப் பார்த்து, "நீங்கள் நல்ல வேலை செய்தனீங்கள்" என்றார். உடைந்துவிடும் என்று எடுத்து வைத்ததற்கு என்ன பாராட்டு என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள்.

ஆறு வாரம் ஆஸ்பத்திரி. பிறகு வீடு. அம்மா மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து எனக்குச் சோறு ஊட்டினாள். மணிக்கட்டை நிமிர்த்திக் கட்டப் பியதாச பழைய தேயிலைப் பெட்டியை உடைத்துப் பலகை செய்துவந்தான். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை என் கண்முன்னே உரித்து எறிந்துவிட்டுத்தான் கட்டினான். "இதும் ஒங்களுக்கு வேணாம் அண்ணே." நோய் என்னவென்று கேட்ட அன்றைக்கே அந்தச் சிவப்புப் பொடியையும் ஸ்டோரை விட்டு அகற்றியிருந்தான். அவனும் மற்ற இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈறைக் காட்டி வந்தார்கள். என் பங்கு வேலையை மூவரும் பேசாமல் செய்தார்கள். யாரும் இதுவரை சொல்லிக்காட்டியதில்லை.

நாலாம் மாதம் வலது கை நிமிர்ந்தது. சக்கரத்தில் முதல் தடவை உட்கார்ந்தபோது பியதாச என் மணிக்கட்டுகளுக்குக் கீழே தன் கைகளைக் கொடுத்துத் தாங்கினான். கோணலாக ஒரு கிண்ணம் வந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் இன்னும் சொல்பேச்சு கேட்பதில்லை. முன்பு ஒரு நாளில் நாற்பது கோப்பை செய்வேன், இப்போது பத்து. அந்தப் பத்தில் ஒவ்வொன்றையும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும்.

பச்சைக் கோப்பைகளை அம்மா முந்தானையால் ஒருமுறை துடைத்துத்தான் என்னிடம் தந்தாள். சூளைக்குப் பின்னால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். கவ்வாத்து வெட்டின தேயிலை விறகின் சாம்பலில் ஈயமில்லாத புதுப் பூச்சு ஒன்றைப் பலமுறை கெடுத்துப் பிறகு கண்டுபிடித்தோம். அதற்குச் சூளையை ஒரு நாள் கூடுதலாக எரிக்க வேண்டும். எரிக்கிறோம்.

போன வாரம் எல்லோரும் வீட்டுக்குப் போனபின் ஸ்டோரில் நான் மட்டும் இருந்தேன். புஷ்பாவின் புதுக் கோப்பை முதல் சூடு முடிந்து கையில் இருந்தது. பழக்கத்தில் வாய்க்குக் கொண்டுபோனேன். உதட்டுக்கு அருகே நிறுத்தினேன். கோப்பையைப் பலகையில் வைத்து, விரலை வாளித் தண்ணீரில் நனைத்து, அதன்மேல் ஒரு சொட்டு விட்டேன். நாக்கு என்றால் உடனே சொல்லிவிடும். இதற்குக் காத்திருக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து, மண் அந்தச் சொட்டைக் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.