இலவச இசையும் ஊமையான வீடியோவும்

புதுச்சத்திரம் பக்கம் ஒரு அரசு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாடம் சொல்வதை வீடியோ எடுத்து, பெற்றோர் பார்க்கட்டும் என்று இணையத்தில் ஏற்றுவேன். பாதிப் பேருடைய அப்பாக்கள் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வெளிமாநிலத்தில் கிடப்பவர்கள்.

பின்னால் ஹைவே லாரி இரைச்சலாக இருக்கிறதே என்று, இந்த முறை ‘இலவசம்’ என்று போட்டிருந்த ஓர் இசையைச் சேர்த்தேன். தேடியதிலேயே என் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

மறுநாள் ஒரு மாணவியின் அப்பா கூப்பிட்டார். “ஏனுங்க டீச்சர், பாப்பா வாய் அசையுதுங்க, சத்தமே வரலீங்க. எம்போனுதான் போயிருச்சோன்னு கூட இருக்கறவங்க போன்லயும் பாத்தனுங்க.”

அந்த இசை கேட்பதற்கு மட்டும்தான் இலவசமாம். உரிமைப் பிரச்சினை என்று அந்த வீடியோ தளத்தார் ஒலி முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளின் குரலும் அதோடு போனது. நல்லவேளையாக, இசை சேர்க்காத பதிவை அழிக்காமல் வைத்திருந்தேன். அலுப்போடு அதையே ஏற்றினேன்.

“இப்பக் கேக்குதுங்க” என்றார். “நம்ம ரோட்டு ஹாரன் சத்தங்கூடக் கேக்குதுங்க.”

இப்போது பாடத்துக்கு எந்த இசை, எந்தப் படம் எடுத்தாலும் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிக்கிறேன். பிள்ளைகள் பேசும் இடத்தில் மட்டும் எதையும் சேர்ப்பதில்லை. ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.