பேனலில் காய்ந்த கடலை

சர்கோலா ஊருக்கு மேற்கே, கம்பி வேலிக்குள், அறுபது சோலார் பேனல்கள் ஆறு வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. பக்கத்துச் சிறிய அறையில் பேட்டரிகள். வேலிக் கதவின் சாவி அஜாரா லிங்கானியின் இடுப்பில் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில், புர்க்கினாவின் பிஸா இனத்தார் வாழும் சீமையில், ஊர்ச் சாவி ஒரு பெண்ணின் இடுப்பில் தொங்குவது எல்லாருக்கும் பிடித்த காரியம் இல்லை.

ஊர்க் கமிட்டி சாவியை அவளிடம் ஆசையாய் ஒன்றும் கொடுத்துவிடவில்லை. முதலில் ஒருவனிடம் கொடுத்தார்கள், அவன் இத்தாலிக்குப் போய்விட்டான். அடுத்தவனும் இத்தாலிக்குப் போனான். மூன்றாமவன் போகவில்லை, ஆனால் வேலிக்குள் படுத்து நன்றாகத் தூங்கினான். கடைசியில்தான் ஊரை விட்டு ஓடாத ஆள் வேண்டும் என்று புத்தி வந்தது. அஜாராவின் புருஷனே பதினோரு வருடமாக இத்தாலியில் தக்காளி பறிக்கிறான். வீட்டில் ஒருவர் போனால் போதாதா? தென்கோடோகோ நகரத்தில் நடந்த பயிற்சியில் பதினான்கு ஆண்களுக்கு நடுவே அவள் ஒருத்தியாய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தாள். புழுதிக் காற்று வீசும் மாதங்களில் விடியும் முன்பே எழுந்து அறுபதையும் துடைத்துவிடுவாள். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட ஊர் இருட்டில் கிடந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே.

அந்த வருடம் கடலை பிடுங்கி முடிந்த பிறகும் மழை விடவில்லை. பிஸாக்காரர்களுக்குக் கடலை உயிர். ஈரக் கடலை பூசணம் பிடித்தால் வருடம் முழுக்கக் குழம்பு கசக்கும். அஜாராவின் ஓரகத்தி ராமாத்தா வேலி ஓரம் வந்து நின்றாள்.

“அடி அஜாரா, முற்றத்துல போட்டா ஆடு மேயுது. கூரைல போட்டா மழைக்கு ஏறி அள்ளணும், என் முட்டி என்ன உன் முட்டியா? உன் வேலிக்குள்ள ஆடும் வராது, கோழியும் வராது. அந்தக் கண்ணாடி வேற சும்மா கொதிக்குது.”

“அக்கா, அது கடலை காயப்போடுற இடமில்ல.”

“அறுபது வச்சிருக்க. ரெண்டு குடுத்தா சூரியன் கோவிச்சுக்குமாக்கும்?”

ஒரு பேனல் மறைந்தாலே அந்த வரிசை மொத்தமும் சோர்ந்துபோகும் என்று பயிற்சியில் சொன்னது அஜாராவுக்கு நினைவிருந்தது. ஆனால் வாத்தியார் மர நிழலைப் பற்றித்தானே சொன்னார், கடலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று தனக்குத் தானே வக்காலத்து வாங்கிக்கொண்டாள். கதவைத் திறந்துவிட்டாள். ராமாத்தா துணி விரித்து, ஓரங்களைக் கட்டி, கடலையைப் பரப்பினாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். “ஓரகத்திக்கு மட்டும்தான் உன் கதவு திறக்குமோ?” என்றாள். அவளுக்கும் திறந்துவிட்டாள். ஒரு வாரத்தில் பதினோரு பேருடைய கடலை உள்ளே வந்துவிட்டது. எல்லா வரிசையிலும் ஒன்றிரண்டு துணி.

மேகமும் சேர்ந்துகொண்டது. மூன்று வாரத்தில் சாயங்கால விளக்குகள் மங்கின. அப்புறம் ஒரு காலையில், பிரசவ மையத்தில் தடுப்பூசி வைத்திருந்த ஃபிரிட்ஜ் நின்றுபோனது. அன்றைக்கென்று பார்த்து ஊசி போடும் நாள். இருபத்து மூன்று தாய்மார்கள் சுற்றுக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

“மருந்தெல்லாம் சூடாயிருச்சும்மா. போட முடியாது, திரும்பிப் போங்க” என்றார் செவிலியர் செபா.

ஒருத்திகூடச் சண்டைக்கு வரவில்லை. தண்ணீர் குடித்தார்கள், பிள்ளைகளின் முகத்தைத் துடைத்தார்கள், துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்த வழியே நடந்தார்கள். திட்டியிருந்தால் அஜாராவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நேரே வேலிக்குப் போய் எல்லாக் கடலையையும் அள்ளி அவரவர் முற்றத்தில் கொட்டினாள். கண்ணாடியைத் துடைத்தாள்.

ஃபிரிட்ஜ் நின்ற செய்தி போய், இரண்டாம் நாள் தலைநகர் வாகதூகுவிலிருந்து சின்ன லாரியில் ஆய்வாளர் வந்தார். பெயர் நெபியே. குருன்சி இனத்தவர். போச்சுடா என்று அஜாராவுக்குத் தோன்றியது. பிஸாவும் குருன்சியும் கேலி உறவுக்காரர்கள். பார்த்த நிமிடத்தில் ஒருவரையொருவர் வாரியே ஆக வேண்டும், என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. குருன்சிக்காரர்கள் பிஸாவை வாருவது எப்போதும் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். அது கடலை.

“என்ன கடலைக்காரி, கரண்ட்டையும் வறுத்துத் தின்னுட்டீங்களா?” என்றபடியே அவர் இறங்கினார்.

“எங்க நாய்ங்களை எல்லாம் ஒளிச்சு வச்சாச்சு. இனி நீ தாராளமா இறங்கலாம்” என்றாள் அஜாரா. குருன்சிக்காரர்கள் நாய்க்கறிப் பிரியர்கள் என்பது பிஸாவின் பதில் கேலி. வாய் பழக்கத்தில் பேசியது. கண் பேட்டரி அறைப் பக்கமே போனது.

அவர் பேனல்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். எல்லாம் பளபளவென்று இருந்தன, நன்றாக வேலையும் செய்தன. பேட்டரிகளை அளந்தார், முகம் சுருங்கியது. பதிவேட்டைப் புரட்டினார். மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் மின் சேமிப்பு இறக்கம்.

“பேனல்ல கோளாறு இல்ல. அப்போ பேட்டரிதான் செத்துப்போச்சு. தலைநகருக்குக் கொண்டுபோய்த் திறந்து பாக்கணும். மூணு மாசம் ஆகும்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் உங்க முப்பாட்டன் எப்படி இருந்தானோ அப்படி.”

அவருடன் வந்த ஆட்கள் பேட்டரிகளைத் தூக்கி ஏற்ற ஆரம்பித்தார்கள். அஜாரா கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேட்டரிகள் சாகவில்லை, பட்டினி கிடந்தன, அவ்வளவுதான். நாலு நாள் நல்ல வெயில் பட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும். ஆனால் அதைச் சொன்னால் சாவி போகும். சாவி போனால்கூடப் பரவாயில்லை. பேனல் மேல் கடலை காயப்போட்டோம் என்று உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், ஒரு குருன்சியிடம் எந்தப் பிஸாக்காரியாவது சொல்வாளா? ராமாத்தா வேலிக்கு வெளியே நின்று சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

நாலாவது பேட்டரி ஏறியது. மூன்று மாதம். இன்னும் மூன்று முறை அந்தத் தாய்மார்கள் வந்து திரும்புவார்கள்.

“இறக்குங்க” என்றாள் அஜாரா.

“என்னது?”

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு. பேனலைத்தான் மறைச்சு வச்சிருந்தேன். மூணு வாரமா... அது மேல கடலை காயப்போட்டிருந்தோம்.”

நெபியே அவளையே பார்த்தார். பிறகு லாரிப் படியைப் பிடித்துக்கொண்டார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வர, தொடையில் அடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு சந்தை வரைக்கும் கேட்டது. ராமாத்தா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அஜாராவின் காது எரிந்தது, ஆனாலும் நகராமல் நின்றாள்.

“ஐயோ... இதைக் கேக்கத்தான் எங்கப்பன் என்னைப் பெத்தானா!” என்று மூச்சு வாங்கி எழுந்தார். பேட்டரிகளை இறக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இத பாரு, நமக்குள்ள என்ன இருக்கு. அறிக்கைல புழுதின்னு எழுதிடறேன். உன் சாவி உங்கிட்டயே இருக்கும்.”

அவர் மனசாரத்தான் சொன்னார். அஜாராவுக்கும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது.

“அடுத்த வருஷம் இன்னும் எத்தனை ஊருக்கு இந்தப் பேனல் வருது?”

“பிஸா பக்கம் மட்டும் ஒன்பது.”

“ஒன்பது ஊர்லயும் கடலை இருக்கு. புழுதின்னு எழுதினா துடைச்சுட்டுத் திரும்பக் கடலையத்தான் போடுவாங்க. கடலைன்னே எழுது. என் பேரையும் போடு.”

“நாடே சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டும்.”

அவர் எழுதினார். எழுதும்போது சிரிக்கவில்லை.

நாலே நாளில் விளக்குகள் எரிந்தன, ஃபிரிட்ஜ் குளிர்ந்தது. கமிட்டி கூடிச் சாவியை ஒரு வருடத்துக்கு வாங்கிக்கொண்டது. அஜாரா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், அதை மறைப்பானேன். அடுத்த ஊசி நாளில் இருபத்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி வரவில்லை. செபாவிடம் அவள் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு அஜாரா உச்சி வெயிலில் ஒன்பது கிலோமீட்டர் நடந்தாள்.

அந்தப் பெண் முற்றத்தில் தினை புடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். வர மாட்டேன் என்றாள்.

“அன்னிக்கு அவ்ளோ தூரம் நடந்து வந்தேன். இல்லைன்னுட்டாங்க. திரும்பவும் இல்லைன்னா?”

“இன்னிக்கு இருக்கு, என் கண்ணால பாத்துட்டுத்தான் வரேன். அன்னிக்கு இல்லாமப் போனது என்னால. பேனல் மேல கடலை காயப்போட விட்டது நான்தான்.”

அந்தப் பெண் முறத்தைக் கீழே வைத்தாள்.

“சந்தையில எல்லாரும் சொல்லிச் சிரிக்கறாங்களே, அது நீயா?”

“நான்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் உள்ளே போய்ப் பிள்ளையையும் கட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“வரேன். ஆனா பிள்ளைய நீ சுமக்கணும். நான் ஒரு தடவை சும்மா சுமந்தாச்சு.”

அஜாரா குனிந்து முதுகைக் காட்டினாள்.