ஸ்பானிஷில் பாத்ரூம் இருக்கு

ஸ்ரீரங்கம் தெற்குக் கோபுரத்துப் பக்கம். பூக்கூடைக்குப் பின்னால் அம்மா. இளநீர் வண்டியோடு மாமா. கனகாம்பரம் வாங்க வந்த வீட்டுக்கார அத்தை. நாங்கள் ஐந்து குடித்தனம் அவர் வீட்டில்தான் வாடகை, ஐந்துக்கும் ஒரே பாத்ரூம். அப்புறம் நான். எனக்குப் பத்து வயது.

அந்த லீவில் மாமாவின் செல்லில் ஸ்பானிஷ் பாடம் பார்த்தேன். முதல் பாடமே ‘இருக்கு’. அதற்கு ‘ஐ’ என்பார்கள். ஒன்று இருந்தாலும் ஐ, ஒன்பது இருந்தாலும் ஐ. இல்லாவிட்டால் ‘நோ ஐ’. பூ இருக்கு, தண்ணி இருக்கு, பாத்ரூம் இருக்கு. இந்த மூன்றும் தேறினேன்.

“நெட்டு பூரா தீத்துட்டா. ஸ்பெயினுக்குப் போயி பூ விக்கப் போறா போல” என்றார் மாமா.

மதியம் ஒரு டூரிஸ்ட் பஸ் வந்தது. கைடு டிக்கெட் எடுக்கப் போய்விட்டார். வயதான வெள்ளைக்கார அம்மா ஒருத்தி எங்களிடம் வந்தாள். காலை மாற்றி மாற்றி நின்று ஏதோ கேட்டாள். முகமெல்லாம் வியர்வை. மாமா இளநீரைச் சீவி நீட்டினார். அவள் அழாத குறை.

மறுபடி கேட்டாள். “ஐ பான்யோ?”

“ஸி, ஐ” என்றேன். ஆமாம், இருக்கு. “அம்மா, அவங்களுக்கு பாத்ரூம் போவணுமாம்.”

அந்த வெள்ளைக்கார அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வெளியாளுக்கெல்லாம் தொறந்துவிட்டா அடுத்த மாசம் வேற வீடு பாத்துக்க” என்றார் அத்தை. சொன்னால் செய்வார்.

அம்மா இடுப்பிலிருந்த பாத்ரூம் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். “ஓடு. வாளியில தண்ணி வெச்சுக் குடு.”

சந்துக்குள் ஓடினோம். அத்தையும் பின்னாலேயே வந்தார். வெளியே வந்த அந்த அம்மா, அத்தையின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தைக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“சரி சரி. பஸ்ல இன்னும் யாராச்சும் இருந்தா கேளு.”

பஸ்ஸிடம் ஓடி, “ஐ பான்யோ” என்று கத்தினேன். பெண்கள் வரிசையாக என் பின்னால் வந்தார்கள். மாமா வண்டியை விட்டுவிட்டு வாளி நிரப்பினார்.

விடியலில் கடை போட்டால் அம்மா கூடையை விட்டு நகர முடியாது. சாயங்காலம்வரை தண்ணீரே குடிக்கமாட்டாள். தாகம் இல்லை என்பாள். நம்பினேன். குடியிருக்கிற வீடு போனாலும் பரவாயில்லை என்று அவள் ஏன் சாவியைக் கொடுத்தாள் என்பது அன்று எனக்குத் தெரியாது. என் ஸ்பானிஷ் ஜெயித்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. வாசலில் நின்று எண்ணினேன்.

பத்தொன்பது பேர்.