மருந்து வைக்காத வீடு

புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அவன் அண்ணன் தம்பிகள் பிடுங்கப் பார்த்த கொல்லையை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றினாள். கரடி பிறாண்டி மடங்காமல் போன இடது கையை வைத்துக்கொண்டே மறுபடி களை வெட்டினாள். புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர் மகளிர் குழுவின் விதைச் சாமை முழுவதும் ஆறு வருஷம் அவள் வீட்டில்தான் இருந்தது. விதைக்கிற நேரத்தில் விதை இல்லை என்று ஒருத்தர்கூட வெறுங்கையோடு திரும்பியதில்லை. அவள் என் தங்கை அம்சவல்லி. அவளைத்தான் இந்த ஊர் எலி வளர்ப்பவள் என்று சொன்னது.

சாமை இருக்கிற வீட்டில் எலி வரும். மற்ற வீடுகளில் எலி மருந்து வைத்தார்கள். அம்சுவும் ஒரு தடவை வைத்தாள். மருந்து தின்ற எலியை அவள் பூனை தின்று, வாசலிலேயே கை கால் இழுத்துக்கொண்டு செத்தது. அன்றோடு மருந்தை நிறுத்தினாள். சந்தையில் ஒரு கம்பிக்கூண்டு வாங்கிவந்து, கொக்கியில் கருவாட்டுத் தலையைச் செருகி மூட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். முதல் எலி விழுந்ததும், எல்லாரும் செய்வதுபோல் கூண்டை வாளித் தண்ணீரில் இறக்கினாள். பாதி முங்கியதும் வெடுக்கென்று வெளியே எடுத்துவிட்டாள்.

"கம்பி வழியா கைய நீட்டுதுக்கா" என்றாள். அதற்கப்புறம் ஒரு எலியையும் அவள் கொல்லவில்லை.

முதலில் ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுப் பார்த்தாள். எங்க கொல்லைக்குத்தான் வருது என்று அங்கே இருந்தவர்கள் கத்தினார்கள். அப்புறம் திருப்பத்தூர் போகிற ஜீப்பில் கூண்டோடு ஏறி, வீடு, கொல்லை எதுவும் இல்லாத மலை வளைவில் இறங்கி, புதரில் திறந்துவிட்டு நடந்தே வருவாள்.

"இன்னா அம்சு, வூட்டு ஆளுங்கள ஊருக்கு அனுப்புறியா?" என்பார் ஜீப் ஓட்டும் இளவரசன்.

"ஆமாங்கண்ணா. ஜன்னலோரமா சீட்டு கேக்குது."

"கோழி அறுக்குறவளுக்கு எலி மேல இன்னா பாசம்?" என்று பின்னால் இருந்து ஒருத்தி கேட்டாள்.

"கோழியத் திங்குறேன். எலியத் திங்கலியே" என்றாள் அம்சு. ஜீப்பே சிரித்தது.

ஆனால் குழுத் தலைவி சாந்தம்மாள் சிரிக்கவில்லை. போன பங்குனியில் ஒரு மூட்டையின் அடியில் எலி ஓட்டை போட்டிருந்தது. உண்மைதான், கூண்டில் விழாத எலியும் உண்டு. கொட்டியதை அம்சு அள்ளிப் புடைத்து, மூட்டையை அன்றைக்கே தைத்துவிட்டாள். அதைச் சாக்காக வைத்து சாந்தம்மாள் கூட்டம் போட்டாள்.

"புள்ள இல்லாதவ, எலியப் புள்ளையா வச்சிக்கினு கீறா. இவ வூட்டுல விதைய வச்சா நாம மண்ணத்தான் திங்கணும்."

நான் எழுந்து கத்தினேன். அம்சு என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. மூட்டைகள் சாந்தம்மாள் வீட்டுக்குப் போயின. விதை போன பிறகு அம்சு வீட்டுக்கு யாரும் வரவில்லை. காலியான அறையை அவள் தினமும் சாணி போட்டு மெழுகினாள். விதை திரும்பி வருமா என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்று அந்த மெழுகலைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது.

சாந்தம்மாள் சாமையிலேயே எலி மருந்தைக் கலந்து, ஒரு கொட்டாங்குச்சியில் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்கள் ஊரில் கஷ்ட மாசத்தில் கஞ்சிக்கு இல்லாதவர்கள் விதை மூட்டையிலிருந்து கொஞ்சம் வாங்கிப்போய், அறுப்பு முடிந்ததும் திருப்பிப் போடுவார்கள். இது அவளுக்குத் தெரியாதா? அப்படித்தான் நதியா வந்தாள், கைக்குழந்தைக்காரி. "உள்ள போய் அள்ளிக்க" என்று சாந்தம்மாள் அடுப்படியிலிருந்தே சொன்னாள். மருந்து வைத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இருட்டு அறையில் தரையில் ஒரு கொட்டாங்குச்சி சாமை இருந்தால் எங்கள் பெண்களில் யார் சும்மா விடுவார்கள்? யாரோ அள்ளி வைத்துவிட்டு மறந்துபோனார்கள் என்று நினைத்து, நதியா அதை மூட்டையில் கொட்டிவிட்டு, மேலாகத் தன் முறத்தில் அள்ளிக்கொண்டாள். உரலில் குத்திப் புடைத்துக் கழுவும்போது தண்ணீர் கறுத்ததைத் தூசி என்று நினைத்திருக்கிறாள்.

கஞ்சி குடித்துக் கொஞ்ச நேரத்தில் வாந்தி. இளவரசன் ஜீப்பில் போட்டுத் திருப்பத்தூருக்குக் கொண்டு போனார். மடியில் அவள் தலையை வைத்துக்கொண்டு போனது அம்சு. குழந்தைக்கு இன்னும் கஞ்சி பழக்கவில்லை, அதனால் அது தப்பியது. நதியாவும் பிழைத்தாள்.

இதற்குப் பிறகு சாந்தம்மாள் கூட்டத்தில் என்ன சொன்னாள் தெரியுமா?

"அம்சு மொதல்லியே மருந்து வச்சிருந்தா, விதை எங்கூட்டுக்கு வந்திருக்குமா? இந்தக் கஷ்டம் வந்திருக்குமா?"

அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. சுவரில் சாய்ந்து, ஒட்டிப்போன கன்னத்தோடு உட்கார்ந்திருந்த நதியா எனக்கு அடுத்துப் பேசினாள்.

"குடம் குடமா வாந்தி எடுத்தது நானு. நீங்க இன்னா அம்சு அக்காவப் பேசுறீங்க? விதைய அவங்க வூட்டுல வையுங்க. இல்லன்னா குழுவுல எம்பேர அடிச்சிடுங்க."

"அப்ப எம்பேரையும் அடி" என்றாள் இன்னொருத்தி. அப்புறம் ஒவ்வொருத்தியாக. போன கூட்டத்தில் திறக்காத வாய்கள் எல்லாம் அன்றைக்குத் திறந்தன. நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு உயிர் போய் வந்த பிறகுதானே திறந்தன.

மருந்து விழுந்த மூட்டையை ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பது, மிச்ச விதை அம்சவல்லி பொறுப்பில், அந்த வீட்டில் எலி மருந்து கூடாது என்று தீர்மானம் எழுதினோம். சாந்தம்மாள் மன்னிப்புக் கேட்கவில்லை. மை டப்பாவைத் திறந்து அம்சு பக்கம் தள்ளினாள். "கட்டை விரல வை."

"பேனா குடுங்க" என்றாள் அம்சு.

விதை போன நாளிலிருந்து காலி அறையில் உட்கார்ந்து, ரேஷன் கார்டில் இருக்கும் தன் பெயரைப் பார்த்துப் பார்த்துத் தரையில் கரியால் எழுதிப் பழகியிருக்கிறாள். எனக்கே தெரியாது. மடங்காத இடது கையால் தாளை அழுத்திப் பிடித்து, வலது கையால் மெதுவாக, ஒரு எழுத்து விடாமல் எழுதினாள்: அம்சவல்லி.

தீர்மானத்தின் அடியில் தேதி: 2023 மே 19, வெள்ளிக்கிழமை.