காளிச்சாமி வாயில் வராத ‘மாட்டேன்’

அவிநாசியில் காளிச்சாமிகள் நிறைய உண்டு. ‘அதுக்கென்னுங்க’ காளிச்சாமி ஒருவர்தான். யார் எது கேட்டாலும் அந்தச் சொல்தான் அவர் வாயில் வரும். சரி என்பதற்கும் அதுதான், முடியாது என்பதற்கும் அதுதான். எந்த அர்த்தம் என்று முகத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பார்க்காதவன் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வான். ரோட்டோரத்து நிலம் அவர் அண்ணனுக்குப் போனது அப்படித்தான். பனியன் கம்பெனியில் தீபாவளி நாள் டூட்டி வருஷா வருஷம் இவர் தலையில் விழுவதும் அப்படித்தான்.

தனக்கென்று அந்த மனுஷன் வைத்திருந்தது ஒரே ஒரு பொருள். தூரம் போகிற பெரிய பைக். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றுக்குக் கண்ணாடி. வருஷத்துக்கு ஒரு தடவை லீவு போட்டுவிட்டு வடக்கே கிளம்பிவிடுவார். திரும்பியதும் நேராக என் ஒர்க்‌ஷாப்புக்கு வருவார். ராஜஸ்தான் மணலையும் காஷ்மீர் சேற்றையும் செயினிலிருந்து சுரண்டியவன் நான்.

போன ஆடியில் முழங்காலில் ஆபரேஷன் ஆனது. அதற்கப்புறம் ஒருநாள் சிக்னலில் வண்டி சாய்ந்தது, கால் தாங்கவில்லை. அன்றைக்கே என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார்.

“இனி நம்மால ஆவாதுங்க. வித்துப்போடலாம். ஆனா ஓட்டறவங்க கைக்குத்தான் போகோணும்.”

வாங்குவதாக வந்தவர்களில் பாதிப் பேர் வண்டியோடு போட்டோ எடுக்கத்தான் வந்தார்கள். கடைசியில் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி கயல்விழி வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்ததும் கீழே குனிந்து இன்ஜின் அடியைப் பார்த்தது.

“கீழ போட்டிருக்கீங்களாங்க?”

“ரெண்டு தடவைங்க அம்மணி. ஒண்ணு மணல்ல. இன்னொண்ணு எருமை குறுக்க வந்து.”

“எருமைக்கு ஒண்ணும் ஆவலியே?”

“அது திரும்பிக்கூடப் பாக்கலீங்க.”

லடாக் போக ஐந்து வருஷமாக லீவு சேர்க்கிறேன் என்றது அந்தப் பெண். காளிச்சாமி அட்வான்ஸ்கூட வாங்கவில்லை. “வண்டி உங்களுது. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்குங்க” என்று வாக்குக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து கொடுமுடியிலிருந்து அப்புசாமி போன் போட்டார். காளிச்சாமியின் சம்சாரம் சின்னத்தாயிக்கு அண்ணன். “ஏனுங்க மாப்ள, வண்டிய வெளியாளுக்கா குடுப்பீங்க? எம் பையன் ரித்விக் காலேஜுக்கு ஓட்டிட்டுப் போகட்டும்.”

“அதுக்கென்னுங்க மச்சான்” என்றார் இவர். பக்கத்திலிருந்த நான் முகத்தைப் பார்த்தேன், செத்துக் கிடந்தது. கொடுமுடிக்கு அது எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைத்து அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கயல்விழி பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. அதற்குள் அப்புசாமி டெம்போவோடு வந்து இறங்கி, ஹேண்டில்பாரில் மாலையைக் கட்டிவிட்டார். உள்ளே சின்னத்தாயி அண்ணனுக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தது.

காளிச்சாமி திண்டாடி நின்றார். “பஸ்ஸுல வர்ற புள்ளைக்கு என்ன பதில் சொல்லுவீங்க?” என்று காதில் போட்டேன். மெதுவாகப் போய் மாலையை அவிழ்த்தார்.

“மச்சான், வண்டி தரமாட்டேனுங்க.”

அப்புசாமி சிரித்தார். “அன்னைக்கு அதுக்கென்னுங்கன்னு சொன்னீங்க?”

“மாட்டேங்கறதத்தான் அப்படிச் சொன்னனுங்க. வேற வார்த்தை வாயில வல்லீங்க. தப்பு என்னுதுதான். வேறொருத்தருக்கு வாக்குக் குடுத்தாச்சுங்க.”

“யாருக்கு?”

“பொள்ளாச்சியில ஒரு நர்ஸம்மாவுக்குங்க.”

“பொம்பளைக்கா? மச்சான் ஊட்டுப் பையன உட்டுப்போட்டு?”

சின்னத்தாயி கரண்டியோடு வாசலுக்கு வந்தது. “ஏனுங்க, அண்ணன் இத்தனை தூரம் வந்திருக்குது…”

“வரட்டும். தரமாட்டேன்.”

அந்த மனுஷன் வாயில் ‘ங்க’ இல்லாமல் ஒரு பதில் வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். சின்னத்தாயி கரண்டியோடு உள்ளே போய்விட்டது. அப்புசாமி காலி டெம்போவோடு போனார். கேசரியைத் தொடவில்லை.

கயல்விழி வந்தது. காளிச்சாமி பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்து, பெட்டிப் பூட்டு மழையில் இறுகும் என்பதையும் சொன்னார். “கடைசியா ஒரு ரவுண்டு போறீங்களாங்க?” என்றது.

“வேண்டாமுங்க” என்றார், உடனே.

வண்டி தெரு திரும்பியது. காளிச்சாமி உள்ளே போய்த் தானே தட்டெடுத்துக் கேசரி போட்டுக்கொண்டார். சின்னத்தாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

“நாளைக்குக் கொடுமுடிக்கு ரெண்டு பேரும் போலாம் அம்மணி. உங்கண்ணன் பேசறத நான் கேட்டுக்கறேன். மன்னிப்பும் கேக்கறேன். வண்டிய மட்டும் திருப்பிக் கேக்கமாட்டேன்.”

நான் செருப்பை மாட்டும்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எந்த பஸ்ஸுக்குங்க?”