என் பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்பவன் முன்பின் தெரியாதவர்கள் கையில் தினமும் தன் உயிரைக் கொடுத்துவிட்டு, அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொள்கிறவன். மனைவிக்கோ மச்சினனுக்கோ கார் ஓட்டப் பழக்கியவர்களாக இருந்தால் இதைப் படித்து ஒரு பெருமூச்சு விடுவீர்கள். உங்களுக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். எங்கள் பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். நீங்கள் வெறும் தரையை மிதித்திருப்பீர்கள்.

என் பெயர் சாமுவேல். ராசிபுரத்தில் பதினெட்டு வருஷமாக இந்த வேலை. ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் ஒரு நிமிஷம் ஜெபம் செய்வேன். கர்த்தரை நம்பித்தான் வண்டியில் ஏறுகிறேன் என்று சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னதும் உண்டு. அப்படிச் சொன்ன நாட்களிலும் என் வலது கால் அந்த பிரேக்கை விட்டு நகர்ந்ததில்லை.

இங்கே சொல்வதெல்லாம் ஒரே பேட்ச்சில் நடந்தவை. ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பது எங்கள் ஸ்கூல் வழக்கம். அந்த பேட்ச்சில் மூன்று பேர். நெய் வியாபாரி பழனிசாமி அண்ணன், கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கும் சுதா மேடம், மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் மல்லிகா அக்கா. முதல் இருவருக்கும் கார் ஓட்ட ஆசை. மல்லிகா அக்காவுக்கு ஆசையெல்லாம் இல்லை, தேவை. லாரி டிரைவராக இருந்த அவர் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு நாள் சேலத்தில் டயாலிசிஸ். திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத் தெம்பில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து வருகிறார். தம்பி கொடுத்த பழைய கார் ஒன்று வாசலில் சும்மா நிற்கிறது. சேர்ந்த அன்றே அக்கா சொன்னார்: "நான் கத்துக்கிட்டா அவரு பின்னாடி சீட்டுல படுத்துட்டு வருவாருங்க. எனக்கு அது போதுமுங்க."

ஜெபமும் கியரும்

முதல் நாள் பழனிசாமி அண்ணன் ஸ்டியரிங்கில். இன்ஜினைப் போடச் சொல்லி, கிளட்சை மிதிக்கச் சொல்லி, முதல் கியரும் போட்டாயிற்று. அப்போதுதான் ஜெபம் செய்ய மறந்தது ஞாபகம் வந்தது. "ஒரு நிமிஷம் இருங்கண்ணா" என்று கண்ணை மூடினேன். அடுத்தவர் சாமி கும்பிடும்போது மரியாதைக்குத் தானும் கும்பிட வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கூப்பி, கண்ணை மூடி, பயபக்தியோடு கிளட்சிலிருந்து காலையும் எடுத்துவிட்டார்.

நான் என் பக்கத்து பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி ஒரு துள்ளு துள்ளி, இளநீர்க் கடைக்காரர் குவித்து வைத்திருந்த மட்டையில் போய் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. இளநீர்க்காரர் எங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கொன்று சீவிக் கொடுத்தார். அண்ணன் அதைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஏனுங்க மாஸ்டர், உங்க சாமிகிட்டப் பேசறப்ப வண்டிய நியூட்ரல்ல போடோணும்னு முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்களே."

நாலு எலுமிச்சம்பழம்

அடுத்த வாரமே அண்ணன் புதுக் கார் எடுத்துவிட்டார். பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அதை நசுக்கிக்கொண்டு வண்டியை முன்னே எடுக்க வேண்டும். அண்ணனுக்கு இன்னும் கை வரவில்லை. "மாஸ்டர்தான் எடுக்கோணும்" என்று சாவியை என் கையில் திணித்தார். எனக்குத் தர்மசங்கடம். எடுத்தால் சபையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், எடுக்காவிட்டால் அந்த நல்ல மனிதர் முகம் வாடும்.

கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "நான் வண்டி எடுக்கறேனுங்க. பூஜை உங்களுது. நான் என் ஆண்டவர்கிட்ட உங்களுக்காக வேண்டிக்குவேன், அது எனக்கு." ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் கண்ணை மூடி வேண்டிக்கொள்கிற வரைக்கும் மேளக்காரர்களைக்கூட நிறுத்தி வைத்திருந்தார்கள். அண்ணனின் மனைவி என் நெற்றியில் குங்குமம் வைக்க வந்து, ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டு சொன்னார்: "நல்லா வேண்டிக்கோங்க மாஸ்டர். இவரு ஓட்டற ஓட்டத்துக்கு ஒரு சாமி பத்தாதுங்க."

ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம்

எங்கள் காரின் பின் கண்ணாடியில் 'இயேசு அன்பானவர்' என்று ஸ்டிக்கர் இருக்கிறது. நானே ஒட்டியதுதான். அன்பு எனக்கும் உண்டு, வண்டி மூன்றாவது தடவை ஆஃப் ஆகும் வரைக்கும் இருக்கும். அன்றைக்கு ராசிபுரம் பஸ் ஸ்டாண்ட் எதிரில் சுதா மேடம் ஐந்தாவது தடவையாக ஆஃப் செய்தார். பின்னால் பஸ்காரர் ஹாரனை விடவில்லை. நான் கத்தினேன். "கணக்குச் சொல்லிக் குடுக்கறீங்க, கிளட்ச் எது பிரேக் எதுன்னு தெரியலையா" என்றெல்லாம் பேசிவிட்டேன். அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓரமாக நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். கேட்பது ஒன்றும் எளிதாக இல்லை, பின் சீட்டில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் தப்புக் கணக்கைத் திருத்துகிற குரலில் சொன்னார்: "பரவாயில்லைங்க மாஸ்டர். அந்த ஸ்டிக்கரை மட்டும் வெளிய பார்த்து ஒட்டிட்டீங்க. உள்ள பார்த்து ஒட்டுங்க."

மேட்டில் நின்ற வண்டி

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுப் பேசாத பழக்கம் ஒன்று உண்டு. லைசென்ஸ் டெஸ்ட் அன்று மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து தன் பக்கத்துக் கிளட்சையும் பிரேக்கையும் நைசாக மிதித்து, ஆளைப் பாஸ் செய்ய வைத்துவிடுவார். நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். அது பொய் என்று மனதில் குத்தியதும் விட்டேன். "டெஸ்ட்ல என் கால் வேலை செய்யாது, நீங்களே ஓட்டோணும்" என்று சேரும்போதே சொல்லிவிடுவேன்.

மற்ற இருவரும் முதல் தடவையே தேறிவிட்டார்கள். மல்லிகா அக்கா இரண்டு முறை தோற்றார், இரண்டு முறையும் மேட்டில்தான். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் நகராமல் எடுக்க வேண்டும். மூன்றாவது முறைக்கு வந்த அன்று அவர் முகமே சரியில்லை. முந்தின நாள் பஸ்ஸில் கணவர் மயங்கி விழுந்திருக்கிறார். "இன்னைக்கும் போச்சுன்னா என்ன பண்றதுன்னு தெரியலைங்க" என்றார். பின் சீட்டில் டெஸ்ட் எடுக்கும் ஆபீசர் ஏறி உட்கார்ந்தார். மேட்டில் வண்டியை நிறுத்தினார் அக்கா. எடுக்கும்போது வண்டி பின்னால் நழுவ ஆரம்பித்தது. என் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. வண்டி கல்லு மாதிரி நின்றது, அக்கா ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தார், நான் மெல்லக் காலை எடுத்தேன். ஆபீசர் பேப்பரில் எழுதிக்கொண்டே சொன்னார்: "பாஸ்ம்மா."

மறுநாள் காலை

அது இரக்கம்தானே, பாவமில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வாய் வரவில்லை. மறுநாள் காலை மல்லிகா அக்கா ஸ்கூலுக்கு வந்தார். பாஸானவர்கள் ஸ்வீட்டோடு வருவார்கள். அக்கா வெறுங்கையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், நேத்து மேட்டுல வண்டி நின்னப்ப என் காலு பிரேக்குல இல்லைங்க." நான் தலையைக் குனிந்துகொண்டேன். உங்கள் நல்லதுக்குத்தான் அக்கா என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருஷத்தில் ஒருவர் முன்னால் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை. அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் இன்னும் சுட்டது. மெதுவாகச் சொன்னார்: "சேலம் போற வழியில மேடு இருக்குதுங்க. பின்னாடி அவரு படுத்திருப்பாரு. அப்ப உங்க காலு இருக்காதுங்களே."

ஆபீசர் முன்னால்

ஆபீசரிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். பாஸ் போய்விடும் என்றும் சொன்னேன். "போகட்டுமுங்க" என்றார் அக்கா. என் ஸ்கூலுக்கே ஆபத்து வரலாம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆபீசர் முதலில் எகிறினார். உங்க ஸ்கூல் மேல நடவடிக்கை எடுத்தா என்ன பண்ணுவீங்க என்றார். எடுங்க சார் என்று நின்றேன். தைரியத்தில் இல்லை, கால் நகரவில்லை. கர்த்தரே, பார்த்துக்கொள்ளும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மிதிக்க என் பக்கத்தில் பிரேக் எதுவும் இல்லை. ஆபீசர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். பிறகு பேப்பரில் குறுக்கே கோடு போட்டுவிட்டுச் சொன்னார்: "பொய் சொல்ல வர்றவங்களை எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல வந்தா என்ன பண்றதுன்னு தெரியலை. அந்தம்மாவை மறுபடி கூட்டிட்டு வாங்க, நீங்க வண்டிக்கு வெளிய நில்லுங்க."

சம்மணம்

மறு டெஸ்டுக்கு முன்னால் பத்து நாள் பயிற்சி. அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நான் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், காலைக் கீழே தொங்கவிடக் கூடாது. முதலில் ஆளில்லாத காட்டுப் பாதையில், பிறகு ஊர்த் தெருவில், கடைசியில் ரயில்வே மேம்பாலத்தில். எனக்கு முழங்கால் வலித்தது, வியர்த்தது. இத்தனை வருஷம் நான் செய்த ஜெபங்களில் பாதியைக் கால்தான் செய்திருக்கிறது என்று அங்கேதான் புரிந்தது.

பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் கரும்பு லோடு லாரி நின்றுவிட்டது. பின்னால் பஸ். நின்றே ஆக வேண்டும், எடுத்தே ஆக வேண்டும். என் கால் சீட்டிலிருந்து இறங்கப் பார்த்தது. அக்கா ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். லாரி நகர்ந்ததும் கிளட்சை மெல்ல விட்டார், வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. நான் கண்ணை இறுக மூடி ஆண்டவரே, ஆண்டவரே என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். பாலம் இறங்கும்போது சொன்னார்: "நல்லாக் கும்பிடுங்க மாஸ்டர். காலை மட்டும் இறக்காதீங்க."

சேலத்திலிருந்து போன்

டெஸ்டில் நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். அக்கா தேறினார். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நான் அழுததைத் தவிர.

அடுத்த வாரம் ஒரு நாள் முற்பகலில் போன் வந்தது. சேலம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அக்கா. வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டாராம், கண்ணாடியை மடக்கியும் விட்டாராம். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார், வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டு வந்தாரா என்று கேட்டேன். லாரி ஓட்டியவர்கள் அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துச் சும்மா இருக்க மாட்டார்கள். அக்கா சொன்னார்: "இல்லைங்க மாஸ்டர். ஆட்டையாம்பட்டி தாண்டறக்குள்ள தூங்கிட்டாருங்க. இருவத்தஞ்சு வருஷத்துல அடுத்தவங்க ஓட்டற வண்டில அவரு தூங்கி நான் பார்த்ததே இல்லைங்க."

வண்டி ஓட்டப் பத்தே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம், பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வருவதற்குத்தான் எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.