தோசைக்கல்லில் டிராக்டர் எண்ணெய்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் அண்ணன் முதல் பஸ் பிடித்து திண்டுக்கல்லில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வழக்கமாக வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூவோடு வருவார். அன்று கையில் ஒரு பாட்டில். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக ஏதோ ஒன்று.

"என்னண்ணே, மோரா? பெருங்காயம் போடவா?"

"சும்மா இரு ஆத்தா. இது டிராக்டர் எண்ணெய்."

தண்ணீர் கலந்த பாலைக் குடித்துப் பழகியவர்கள் நாம். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அதுவும் பால் மாதிரி ஆகிவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது!

அண்ணனிடம் இருப்பது பழைய டிராக்டர். மலையில் யாரோ எஸ்டேட்காரர் ஓட்டிக் களைத்து விற்றது. நெம்புகோலை இழுத்தால் பின்னால் இருக்கும் கலப்பை தானாக மேலே எழும். அதற்கு ஹைட்ராலிக் என்று பெயர். எல்லாம் எண்ணெய் கொடுக்கும் பலம்தான். அந்த எண்ணெய்தான் கியர் பெட்டிக்கும். கொஞ்ச நாளாகக் கலப்பை பாதி எழுந்து, நடுங்கி, யோசித்து, மறுபடி உட்கார்ந்துகொள்கிறதாம். மழை பெய்து மண் பதமாக இருக்கும் நேரம் பார்த்தா இப்படி? அண்ணன் எரிமலையாக இருந்தார்.

"ராவுத்தர் எண்ணெயில தண்ணியக் கலந்துட்டாரு. நீதான் வாராவாரம் பத்திரிகையில எழுதுறியே... அவரு பேரப் போட்டு எழுது. நாலு பேருக்குத் தெரியட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திண்டுக்கல் கடைவீதியில் எண்ணெய்க்கடை வைத்திருக்கும் ராவுத்தரை அண்ணன் இத்தனை வருஷமாக 'மாமா' என்றுதான் கூப்பிடுவார். அவர் கடைக்கு போர்டு கூடக் கிடையாது. அவர் பேர்தான் போர்டு. அந்தப் பேரைப் போட்டு நான் நாலு வரி எழுதினால், மறுநாள் முதல் மனுஷர் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

யோசிக்காமல் எழுதுகிறவள் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. உங்களில் சிலரே கடிதம் போட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனாலும் இதற்குப் பேனாவைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது.

"அவருகிட்டக் கேட்டீங்களா?"

"பஸ்ஸ விட்டு எறங்குனதும் கேட்டுட்டுத்தான் வாரேன். கடைக்கு முன்னால நின்னு நல்லாவே கேட்டேன்."

கேட்ட லட்சணம் எனக்குத் தெரியாதா? அண்ணன் ரகசியம் பேசினாலே அடுத்த தெரு நாய் எழுந்து குரைக்கும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. ராவுத்தர்! கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சட்டை பட்டனை மாற்றிப் போட்டிருந்தார்.

"தாயி, யாவாரத்துல எம்புட்டோ ஏச்சு வாங்கியிருக்கேன். ஆனா மாப்ளே வாயில இருந்து 'யோவ் ராவுத்தரே'ன்னு இன்னைக்குத்தான் கேட்டேன். கடைக்கு வந்தவுக எல்லாம் வாங்காமலே திரும்பிப் போறாக."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது.

"அவர் குடுத்த டின்னுல மிச்சம் இருக்காண்ணே?"

"அரை டின் கெடக்கு."

"அப்ப வாங்க, பாத்துருவோம்."

மூன்று பேரும் பஸ் ஏறினோம். நடுவில் நான். இரண்டு பக்கமும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஊர் போய்ச் சேரவே மத்தியானம் தாண்டிவிட்டது. டின்னைத் திறந்து பார்த்தால் எண்ணெய் தேன் மாதிரித் தெளிவாக இருந்தது. அண்ணன் விடுவாரா?

"கண்ணுக்குத் தெரியிற மாதிரிக் கலந்தா, கலப்படம் பண்றவன் பொழைக்க முடியுமா?"

நியாயமான கேள்விதான்! பதில் அண்ணிக்குத் தெரிந்திருந்தது.

"இதுக்கு எதுக்குப் பஞ்சாயத்து? தோசைக்கல்லக் காயவச்சா தெரிஞ்சு போகுது."

ஈரக் கரண்டியைக் காய்ந்த எண்ணெயில் விட்டால் என்ன ஆகும்? அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்த யாருக்கும் தெரியும். கல் நன்றாகச் சூடேறியதும் டின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டாள். அது பேசாமல் பரவிப் புகைந்தது. அடுத்து பாட்டிலில் இருந்த வெள்ளை எண்ணெய். படபடவென்று வெடித்துத் துள்ளி, அண்ணன் மீசை வரைக்கும் வந்துவிட்டது!

"தண்ணி டின்னுல இல்ல. உங்க வண்டிக்குள்ளதான் இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள் அண்ணி. "எனக்குப் புதுக் கல்லு வாங்கித் தாங்க."

"வண்டிக்குள்ள எப்பிடிப் போகும்? மழையில ஒரு நாளு நிப்பாட்டுனதில்ல. கொட்டகையிலதான நிக்குது!"

சொல்லிவிட்டு வெயில் சாய்வதைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"செத்த நேரம் இருங்க. வண்டியக் குளுப்பாட்டிட்டு வாரேன்."

குளுப்பாட்டவா?

ஆமாம். காளைகளை விற்றுத்தான் அண்ணன் டிராக்டர் வாங்கினார். மாட்டை விற்றாரே தவிர, வழக்கத்தை விற்கவில்லை. நானும் ராவுத்தரும் பின்னாலேயே போனோம். பம்ப்செட் தொட்டி ஓரம் வண்டியை நிறுத்தி, வைக்கோலால் தேய்த்து, "நில்லுலே" என்று அதட்டி... நிற்கிற வண்டியை! பிறகு குடம் குடமாகத் தண்ணீர். கியர் போடும் தண்டின் அடியில் இருந்த ரப்பர் மூடி கிழிந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஊற்றிய தண்ணீரில் பாதி அந்த வாய்க்குள் களக் களக்கென்று போனது.

ராவுத்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏ மாப்ளே! மாட்டக் குளுப்பாட்டுனாக்கூட காதுல தண்ணி போகாமப் பொத்திக்கிருவியே... இதுக்குப் பொத்த வேணாமா?"

அண்ணன் குனிந்து பார்த்தார். குடம் கையிலேயே இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா..." என்றார்.

"மொதல்ல உள்ள இருக்கிறத பூராம் வடிய விடு. ஒரு தடவ டீசலால அலசி விட்டுட்டுப் புதுசு ஊத்தணும். நாளைக்கு டின்னு அனுப்பி வைக்கிறேன். ஊத்துறதுக்கு முன்னால தோசைக்கல்லுல ஊத்திப் பாத்துக்க."

இந்தக் கடைசி வரிக்கு அண்ணன் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் ராவுத்தரிடம் சொன்னேன். "மாமா, இந்த வாரம் கண்டிப்பா எழுதப் போறேன். எண்ணெயில தண்ணி கலந்தவரு பேரோட!"

அவர் பதறிப் போனார்.

"வேணாம் தாயி. பேரு கெட்டா எப்பிடி இருக்கும்னு காலையில நான் பாத்துட்டேன். மாப்ளேக்கு அது வேணாம்."

"சரி மாமா, பேரு போடல" என்றேன். பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது கலப்பை எழும்புகிறதாம். குளியலும் நிற்கவில்லையாம். கியர் தண்டுக்குத் துண்டால் தலைப்பாகை கட்டிவிட்டுத்தான் அண்ணன் தண்ணீர் ஊற்றுகிறாராம்.

ராவுத்தருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். பேரே போடவில்லை, 'அண்ணன்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன்... எனக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன் என்றால், அதற்கு நான் என்ன செய்ய?